மனுதாரர் இல்லாத வாசிப்பு: தேர்வாணையத் தமிழ் குறித்து

1

புறநானூற்றின் 184ஆம் பாடல் பிசிராந்தையாருடையது. பாண்டியன் அறிவுடை நம்பியின் முன்னால் நின்று அவர் சொல்வது இவ்வளவுதான்: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் மிகச் சிறிய நிலங்கூட யானைக்குப் பல நாளைக்குக் காணும், யானையே வயலில் இறங்கிவிட்டால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுப் போவதே அதிகம். வரி வாங்குகிறவனிடம் வரி கொடுக்கிறவர்களின் பக்கம் நின்று பேசிய பேச்சு. 2019 ஜூலை 5 அன்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது வரவுசெலவுத் திட்ட உரையில் இந்தப் பாடலை எடுத்துச் சொன்னார். தமிழுக்குக் கிடைத்த பெருமை என்று நம்மில் பலர் மகிழ்ந்தார்கள். பாடலில் எதுவும் மாறியிருக்கவில்லை. பேசுகிற இடம் மட்டும் மாறியிருந்தது. யானைக்குச் சொன்னதை யானையே திருப்பிச் சொன்னது.

இந்த இடமாற்றம் நாடாளுமன்றத்தில் நிகழ்ந்த ஒன்றல்ல, அதற்கு வெகுகாலம் முன்பே வகுப்பறையில் நிகழ்ந்து முடிந்துவிட்ட ஒன்று என்பதையே இக்கட்டுரை சொல்ல முயல்கிறது. வகுப்பறை என்றால் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை அல்ல. அதைப்பற்றி நிறையத் திட்டியாகிவிட்டது. நான் சொல்வது இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் உட்கார்ந்திருக்கும் கோச்சிங் சென்டர் வகுப்பறையை. சென்னை அண்ணா நகரில் அப்படியொரு நிறுவனத்தில் எட்டு மாதங்கள் சனி, ஞாயிறுகளில் தமிழ் ஆப்ஷனல் நடத்தினேன். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு மாதச் செலவுக்கு வழி வேண்டியிருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு கோட்பாட்டுக் காரணம் எதுவும் இல்லை. சிறுபத்திரிகை நண்பர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். 'கலெக்டருக்குக் குறுந்தொகையா?' என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதும் இதில் வரும்.

2

மெயின்ஸ் எனப்படும் முதன்மை எழுத்துத் தேர்வின் மதிப்பெண் 1,750. அதில் 500 விருப்பப் பாடத்துக்கு. தமிழ் இலக்கியத்தைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு தாள் எழுதவேண்டும். முதல் தாள் மொழி வரலாறு, இலக்கிய வரலாறு, திறனாய்வு, நாட்டார் வழக்கு, பண்பாடு. இரண்டாம் தாள் நேரடியாக நூல்களை வாசித்து எழுதவேண்டியது: குறுந்தொகை முதல் 25 பாடல், புறநானூறு 182 முதல் 200 வரை, திருக்குறளில் அரசியலும் அமைச்சியலும், சிலம்பில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம், திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம், திருப்பாவை முழுதும். பிறகு பாரதியின் கண்ணன் பாட்டு, பாரதிதாசனின் குடும்ப விளக்கு, நா. காமராசனின் கறுப்பு மலர்கள், மு.வ., அண்ணா, அகிலன், ஜெயகாந்தனின் குருபீடம், சோவின் யாருக்கும் வெட்கமில்லை, கடைசியில் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையும் கி.வா.ஜ. பதிப்பித்த மலையருவியும்.

இந்தப் பட்டியலின் காலம் 1970களோடு நின்றுவிடுகிறது. ஔவையையும் ஆண்டாளையும் தாண்டி வந்தால் நவீனப் பகுதியில் ஒரு பெண்ணின் நூல்கூடக் கிடையாது. தலித் எழுத்து என்று இத்தகைய இதழ்கள் 1990களில் தொடங்கி விவாதித்து வந்த எதுவும் இல்லை. இதெல்லாம் எளிதில் கண்ணில் படும் குறைகள், எவரும் சொல்லக்கூடியவை. என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. நிதானமாகப் பார்த்தால் இந்தப் பாடத்திட்டம் முழுக்க மனுதாரர்களால் நிரம்பியிருக்கிறது. பிசிராந்தையார் ஒருவர். 196ஆம் பாடலில் ஆவூர் மூலங்கிழார், தருகிறேன் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தம்மைக் காக்கவைத்த பாண்டியன் நன்மாறனைக் கண்டிக்கிறார். 197, 198 இரண்டும் அதே வகை. பரிசில் நீட்டித்தவனிடம் பொறுமை இழந்த புலவரின் குரல். மதுரைக் காண்டத்தில் வாயிற்காவலனைத் தாண்டி உள்ளே போகிறாள் கண்ணகி. நீத்தல் விண்ணப்பத்தின் பெயரே விண்ணப்பம். 50 பாடல்களிலும் 'என்னை விட்டுவிடாதே' என்ற ஒரே கோரிக்கை. இதை எழுதியவர், புராண மரபின்படி, பாண்டியனின் அமைச்சராக இருந்தவர். குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டுத் தண்டனை அனுபவித்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வந்து விண்ணப்பம் எழுதியவர்.

இப்படியொரு தொகுப்பைத் திட்டமிட்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தமிழ்ப் பேராசிரியர்கள் கூடித் தங்களுக்குத் தெரிந்ததை, தங்களுக்குப் பிடித்ததை வைத்திருப்பார்கள், அவ்வளவே. ஆனால் பிரதி அதை ஆக்கியவரின் எண்ணத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆட்சி செய்யப்போகிறவனின் கையில், ஆட்சியின் முன்னால் காத்து நின்றவர்களின் ஒரு தொகை நூல் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி நோட்ஸுக்கு வருகிறேன். நோட்ஸ் என்பது தனியான இலக்கிய வகை. ஸ்பைரல் பைண்டிங், ஜெராக்ஸ் மணம், 'முக்கியம்' என்று ஓரத்தில் நட்சத்திரக்குறி. என் கைக்கு வந்த நோட்ஸில் 184ஆம் பாடலுக்கு எதிரே 'சங்ககால வரி நிர்வாகம்' என்றும், 196 முதல் 198 வரை 'புலவர் – அரசர் உறவு, கொடைச் சிறப்பு' என்றும் எழுதியிருந்தது. கொடுக்காமல் இழுத்தடித்தவனைக் குறை சொல்லும் பாட்டுக்குத் தலைப்பு கொடைச் சிறப்பு! வழக்குரை காதைக்கு 'நீதி தவறியது அறிந்து உயிர் நீத்த மன்னனின் மாண்பு'. கும்பகருணனுக்குச் 'செஞ்சோற்றுக் கடன், கடமை உணர்வு'. அண்ணன் செய்வது தவறென்று தெரிந்து அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லி, சொன்னது எடுபடாமல் போனபின் அவனுக்காகவே சண்டைக்குப் போய்ச் சாகும் ஒருவனைப்பற்றி, வருங்கால அதிகாரி யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. நோட்ஸில் அது 'விசுவாசம்' என்று முடிகிறது.

நோட்ஸ் எழுதியவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இதன் சில பக்கங்களைப் பிறகு நானே திருத்தி எழுதியிருக்கிறேன், பெரிதாக எதையும் மாற்றிவிடவில்லை. இங்கே ஒரு வாசக நிலை முன்கூட்டியே கட்டமைக்கப்பட்டிருக்கிறது. கருத்தியல் மனிதனை 'ஏய்' என்று விளித்துத் திரும்ப வைக்கிறது என்று அல்தூசர் 1970இல் எழுதினார். இங்கே விளிப்பு, 'வருங்கால ஆட்சியரே' என்பது. வகுப்புக்குள் நுழையும்போதே அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்கள், சுவரிலும் எழுதியிருக்கிறார்கள். அப்படி விளிக்கப்பட்டவர் புறநானூற்றைத் திறந்தால் பாடுகிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று வாசிப்பாரா, கேட்கிறவனின் கட்டிலில் உட்கார்ந்து வாசிப்பாரா?

3

பாடத்திட்டமே ஓரிடத்தில் இந்த வாசிப்புக்கு ஒத்துழைத்திருக்கிறது. திருக்குறளில் பொருட்பால் 70 அதிகாரம். தேர்வுக்கு வைத்திருப்பது இறைமாட்சி தொடங்கி அவையஞ்சாமை வரை, அதாவது 39 முதல் 73 வரையுள்ள 35 அதிகாரம். சரிபாதி. வெட்டிய பாதியில் என்ன இருக்கிறது? 104 உழவு, 105 நல்குரவு, 106 இரவு, 107 இரவச்சம், 108 கயமை. வறுமையும் பிச்சையும். பிச்சையெடுத்துத்தான் உயிர் வாழவேண்டும் என்றால் உலகைப் படைத்தவன் கெட்டு அலையட்டும் என்று வள்ளுவர் சபிக்கும் இடம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. இறைமாட்சியில் தொடங்கி, சபையில் பயப்படாமல் பேசுவது எப்படி என்பதோடு பாடம் முடிகிறது. அவையஞ்சாமைக்கு அடுத்தது இண்டர்வியூ.

நியாயமாகச் சொன்னால், வைத்திருக்கும் பாதியிலும் கொடுங்கோன்மை இருக்கிறது, கண்ணோட்டம் இருக்கிறது, துன்பப்பட்டவர் கண்ணீர் அரசின் செல்வத்தை அராவித் தேய்க்கும் என்ற குறளும் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அழுகிறவர் படர்க்கையில் இருக்கிறார். நல்குரவில் அப்படியல்ல. நேற்றுக் கொன்றதுபோல வந்த வறுமை இன்றைக்கும் வருமோ என்று ஒருவர் தன் வாயாலேயே அஞ்சுகிறார். படர்க்கையை வைத்துக்கொண்டு தன்மையை வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

4

அதிகாரிப் பயிற்சிக்காகத் தமிழ் வாசிக்கப்படுவது புதிதல்ல. நாம் இன்று தமிழியல் என்று சொல்லும் துறையின் பிறப்பிடங்களில் ஒன்றே அப்படியொரு பயிற்சிக்கூடந்தான். 1812இல் சென்னையில் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னையின் கலெக்டராக இருந்த எல்லிஸ் அதன் மூளை. கம்பெனியின் இளம் சிவில் அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் படித்துத் தேறிய இடம் அது. நீதிமன்றங்களில் பணியாற்றப்போகும் உள்ளூர் மாணவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்ததும் அங்கேதான். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்ற வாதத்தை எல்லிஸ் 1816இல், காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில், கால்டுவெல்லுக்கு 40 ஆண்டு முன்னதாக வைத்தார். இன்று முதல் தாளின் முதல் அலகு 'திராவிட மொழிகளிடையே தமிழின் இடம்'. கலெக்டர் பயிற்சியில் பிறந்தது கலெக்டர் தேர்வுக்கே திரும்பி வந்திருக்கிறது. சங்கத்தின் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். அரசகுமாரர்களுக்கு ஆளும் வித்தை கற்பிக்கச் சொன்ன கதைகள்! நவீனத் தமிழ் உரைநடையின் தொடக்கங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வாசகர் யார் என்பதை நாம் அதிகம் கேட்டதில்லை.

பிறகு 1854இல் மெக்காலே குழு, 1855இல் லண்டனில் முதல் போட்டித் தேர்வு. குழு வகுத்த மதிப்பெண்கள் மொத்தம் 6,875. ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் சேர்த்து 1,500. கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதம் 375, அரபி 375. தமிழுக்கு எதுவுமில்லை, தேர்வானபின் சென்னை மாகாணத்துக்கு வருகிறவர் போகிறபோக்கில் படிக்கவேண்டிய பேச்சுமொழி அது. நல்ல இலக்கியம் படித்தவன் நன்றாக ஆள்வான் என்ற மெக்காலே காலத்து நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருவெடுத்ததில் காலனி ஆட்சிக்கு இருந்த பங்கை கௌரி விஸ்வநாதன் 1989இல் விரிவாக எழுதினார். தமிழ் இலக்கியப் பாடத்துக்கு அப்படியொரு நூல் எழுதப்பட வேண்டும்.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது 1893. இந்தியர்கள் கப்பலேறி லண்டன் போகாமல் இங்கேயே ஐ.சி.எஸ். எழுதட்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. அந்த ஆண்டு ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அப்போது இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்து ஒரு மனு தயாரித்தார். 3,412 பேர் கையெழுத்து, 112 அடி நீளம். இங்கே தேர்வு வைத்தால் படித்த மேல்சாதியினரே எல்லா இடங்களையும் பிடிப்பார்கள், எங்கள் மக்கள் இன்னும் நசுக்கப்படுவார்கள் என்பது அதன் சாரம். தேசிய வரலாற்றெழுதியல் இதை வெள்ளைக்கார விசுவாசம் என்று ஓரமாக ஒதுக்கியது. எனக்குப்படுவது வேறு. தேர்வு என்கிற அமைப்பைத் தேர்வு எழுதுகிறவரின் இடத்திலிருந்து அல்லாமல், தேறியவரின் முன்னால் நாளை கைகட்டி நிற்கப்போகிறவரின் இடத்திலிருந்து வாசித்த பிரதி அது. யார் பாஸ் செய்வார்கள் என்று எல்லோரும் கேட்டபோது, பாஸ் செய்தவன் எங்களை என்ன செய்வான் என்று கேட்டது. தேர்வு 1922இலிருந்து இந்தியாவிலும் நடந்தது. அந்தக் கேள்விக்கு இட ஒதுக்கீடு ஒரு பதில், பெரிய பதில். ஆனால் இட ஒதுக்கீட்டால் உள்ளே வருகிறவரையும் அதே நாற்காலியிலிருந்து வாசிக்கப் பழக்குவது எந்தக் கேள்விக்குப் பதில்?

5

என் வகுப்பில் வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். இரண்டு முறை பிரிலிம்ஸ் தேறியவர். அம்மா விவசாயக் கூலி. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு ஆண்டுக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருப்பவர். வழக்குரை காதை நடத்திய அன்று வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டார்: 'சார், கண்ணகிக்கு மட்டும் எப்படி சார் அன்னிக்கே உள்ள விட்டாங்க?' கேலியாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

கண்ணகி பாண்டியனிடம் தன் ஊரை அறிமுகம் செய்யும்போது கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே பலி கொடுத்த சோழனைச் சொல்கிறாள். அந்தச் சோழன் பெயரால்தான் தமிழ்நாட்டில் ஆட்சியர்கள் கிராமங்களுக்குப் போய் மனு வாங்கும் நாளுக்கு 'மனுநீதி நாள்' என்று பெயர். (மனு என்றால் விண்ணப்பம், மனு என்றால் தர்ம சாத்திரம், ஒரே சொல்லில் இரண்டும் இருப்பது பற்றி அதிகம் பேசினால் சொல் விளையாட்டாகிவிடும்.) திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் நாள். 2017 அக்டோபர் 23 அப்படியொரு திங்கட்கிழமை. கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒருவர், மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அதன்பின் மனு கொடுக்க வருகிறவரின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் போலீஸ் சோதிப்பது பல ஊர்களில் வழக்கமானது. மதுரையை எரித்தவளையும் இவர்களையும் சேர்த்துச் சொல்வது மலிவான ஒப்பீடு என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அங்கே ஊர் எரிந்தது, இங்கே மனுதாரர் எரிந்தார். ஒப்பீடு அங்கேயே உடைந்துவிடுகிறது. ஆனால் வழக்குரை காதையை அரசனின் மாண்பு என்று கற்றுக்கொண்டு போகிறவருக்கு இந்த உடைவுகூடத் தெரியப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அதே பாடத்திட்டத்தில் 183ஆம் புறப்பாட்டு, கல்வியின் சிறப்பைச் சொல்வது. கற்றவனைத் தாய்கூட அதிகம் விரும்புவாள், அரசும் அவன் வழியில் போகும், கீழோன் என்று சொல்லப்படுகிறவன் கற்றால் மேலோன் அவனிடம் பணிவான் என்பது பொருள். கோச்சிங் சென்டர்களுக்கு இது தேசிய கீதம் மாதிரி. பாடியவன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். கோவலனை விசாரிக்காமல் கொல்லச் சொன்னவனும் அவனே என்பது மரபு. மதுரைக் காண்டத்தின் இறுதிக் கட்டுரையும் அப்படித்தான் அடையாளம் சொல்கிறது. கல்வியைப்பற்றி அவ்வளவு நன்றாகப் பாடத் தெரிந்தவன் பொற்கொல்லன் சொன்ன ஒரு வார்த்தையில் ஓர் உயிரை முடித்தான். இரண்டையும் சேர்த்து எங்கள் வகுப்பில் நடத்தியபோது, 'சார், இது கேள்வியா வருமா?' என்று கேட்டார்கள். வராது என்று சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்கள்.

முத்துப்பட்டன் கதையிலும் இதே கதிதான். பிராமணன் ஒருவன் சக்கிலியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கக் குடுமியை அறுத்துப் பூணூலைக் கழற்றிச் செருப்பு தைக்கிறான். அப்பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்து சக்கிலியரிடம் வளர்ந்தவர்கள் என்று கதை பின்னால் திருத்தப்பட்டதை நா.வா. சுட்டிக்காட்டியிருக்கிறார். ஒரு பிரதி அதிகாரத்தால் எப்படித் திருத்தி எழுதப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இந்தப் பாடத்திட்டத்திலேயே வேறு இல்லை. நோட்ஸில் இருப்பது: 'சாதி மறுப்பு, சமூக நல்லிணக்கம்'. மலையருவிப் பாடல்களைத் தொகுத்த பெர்சி மக்வீன் ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி. கூலிக்காரர்களின் பாட்டை உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்ட அந்த அதிகாரியைப் பற்றியாவது வருங்கால அதிகாரிகளுக்கு யாரும் சொல்வதில்லை.

6

அப்படியானால் இந்தப் பாடமே வேண்டாமா? நண்பரின் சிரிப்பில் இருந்த தீர்ப்பு அதுதான். 2013 மார்ச்சில் தேர்வாணையமும் ஏறக்குறைய அதைத்தான் செய்யப் பார்த்தது. பட்டப்படிப்பில் அந்த இலக்கியத்தைப் படித்தவர் மட்டுமே அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்றும், தாய்மொழியில் தேர்வு எழுதுவதற்கு நிபந்தனைகள் வைத்தும் அறிவிக்கை வந்தது. தமிழ்நாட்டிலும் பிற மாநிலங்களிலும் எதிர்ப்பு எழுந்து அந்த மாதத்துக்குள்ளேயே பின்வாங்கியது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979இல் இந்திய மொழிகளில் எழுதலாம் என்று திறந்த கதவு அது. என் மாணவர் மாதிரியானவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவருக்கு 500 மதிப்பெண்ணில் தன் சொந்த மொழியில் நிமிர்ந்து எழுத முடிகிறது என்பது சாதாரணமல்ல. இதை 'நிறுவனத் தமிழ்' என்று ஒரே சொல்லால் தள்ளிவிட, அந்த 500 தேவைப்படாத இடத்தில் இருப்பவரால்தான் முடியும்.

நம் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். இத்தகைய இதழ்கள் ஆசிரியனின் மரணம், வாசகப் பங்கேற்பு, விளிம்பின் குரல் என்று முப்பது ஆண்டுக்கு மேலாக எழுதிவருகின்றன. தமிழில் அதிகம் எழுதப்படும் உரைநடை வகைகளில் ஒன்று மனு. ஆட்சியர் அலுவலக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளில் எழுதித் தருவது நம்மில் பலர் ஒரு மாதத்தில் எழுதுவதைவிட அதிகம். அனுப்புநர், பெறுநர், பொருள், 'மேற்படி', 'ஆவன செய்யுமாறு'. நான் படித்த எம்.ஏ.யில் அது இல்லை, இருக்காது. நம் இதழ்களில் என் கண்ணில் பட்டதில்லை. தேர்வாணையத்தைக் கேட்கும் கேள்வியை நம்மை நாமும் கேட்டாகவேண்டும்.

அந்த மாணவர் ஒருநாள் அம்மாவின் மனுவின் நகல் ஒன்றைக் கொண்டுவந்தார். பதினோராவது மனு. பத்தாவது வரை வாசலில் உட்காருபவர் எழுதியது. இது மகன் எழுதியது. முதல் பத்தி முழுக்க அரசாணை எண்ணும் பிரிவும். இரண்டாவது பத்தியில் திடீரென்று 'நான் இந்த மனையில் முப்பத்தொரு வருசமாகக் குடியிருக்கிறேன், என் வீட்டுக்காரர் செத்ததும் இங்கேதான்' என்று அம்மாவின் குரல் உள்ளே வந்துவிடுகிறது. அவர் அதைத் திருத்தவில்லை. 'அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன் சார், அந்த வரிய எடுக்க விடல' என்றார். பிறகு கேட்டார்: '196ஆம் பாட்ட மனுன்னு எழுதலாமா சார்? காக்க வைக்கிறான்ல?' நான் சொன்ன பதிலை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். 'நோட்ஸ்ல இருக்கறத எழுதிடுங்க தம்பி. கடைசில இடம் இருந்தா ஒரு வரி சேர்த்துக்குங்க.'

அந்த ஆண்டு அவர் மெயின்ஸ் தேறவில்லை. நான் அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டேன். மனுவின் நகல் என்னிடமே தங்கிவிட்டது. இக்கட்டுரையோடு அதையும் முழுதாக வெளியிடலாமா என்று போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'வேணாம் சார், இப்ப பன்னெண்டாவது குடுத்திருக்கோம். பட்டா வந்தப்புறம் போட்டுக்குங்க' என்றார்.